பிச்சாவரம்: விறகுக் காடு படகுத்துறை ஆன வரலாறு

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால், கிள்ளையைத் தாண்டியதும் நிலம் முடிந்து கழி தொடங்கிவிடுகிறது. வடக்கே பரங்கிப்பேட்டையில் கடலில் விழும் வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் உப்பங்கழியில்தான் பிச்சாவரம் அலையாத்திக் காடு வளர்ந்திருக்கிறது. சிறியதும் பெரியதுமாக 51 திட்டுகள், அவற்றைப் பிரிக்கும் எண்ணற்ற வாய்க்கால்கள், கிழக்கே ஒரு மணல்மேடு, அதற்கு அப்பால் வங்காள விரிகுடா. சின்னவாய்க்கால் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறி இறங்குகிறது. கான்சாகிப் வாய்க்காலும் வயல்களின் வடிகால்களும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

படகில் அமர்ந்தபடி காட்டுயிர்களைப் பார்க்க விரும்புவோருக்குத் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் ஊர்களில் ஒன்று இது. ஆனால் இந்தச் சவாரித் தொழில் அண்மைக் காலத்தது. அதற்கு முன் இதே காடு கோயிலூரான சிதம்பரத்துக்குத் தலமரத்தையும், அரசுக்கு விறகையும், கழியோர மக்களுக்கு இறாலையும், பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்களத்தையும் தந்துகொண்டிருந்தது. காட்டின் பயன் மாறிய ஒவ்வொரு முறையும் அதன் நிலையும் மாறியது. இன்று படகு நுழையும் வாய்க்கால்களிலும் அவற்றின் இருபுறமும் நிற்கும் மரங்களிலும் அந்த மாற்றங்களின் தடம் இருக்கிறது.

தில்லையும் கண்டலும்

நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்களுக்குக் கண்டல் நன்கு பழகிய மரம். சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரமான தில்லையும் உவர்நிலத்து மரமே. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே சில நாள் மறைத்துவிடும். அதனால் விறகு வெட்டுவோர் அதைத் தொடத் தயங்குவார்கள். கோயிலூருக்குள் இன்று தில்லை மரத்தைக் காண்பது அரிது. பிச்சாவரத்தின் மேடான ஓரங்களில் அது இன்னும் வளர்கிறது. சிதம்பரமும் பிச்சாவரமும் காவிரிப் படுகையின் கடைமுனையில் ஒரே தாழ்நிலத்தின் தொடர்ச்சியாகக் கிடப்பதை இந்த மரம் காட்டுகிறது.

கோயிலுக்கும் பிச்சாவரத்துக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. சோழர் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் பிச்சாவரம் ஜமீன் குடும்பத்தாருக்குத் தில்லைக் கோயிலில் தீட்சிதர்கள் முடிசூட்டும் வழக்கம் இருந்தது. ஜமீன்தாரி முறை ஒழிந்த பிறகும் இந்தப் பகுதியில் பழைய குடும்பத்தின் பெயர் மறக்கப்படவில்லை.

பரங்கிப்பேட்டைத் துறைமுகம்

கழியின் வடக்கு வாயிலில் உள்ள பரங்கிப்பேட்டையில் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்து தங்கினர். அவர்கள் இட்ட போர்ட்டோ நோவோ என்ற பெயரே ஐரோப்பிய ஆவணங்களில் நிலைத்தது. பின்னர் டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவராக இங்கே பண்டகசாலை வைத்தனர். துணி ஏற்றுமதியே முதன்மையான வாணிகம். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படைக்கும் சர் அயர் கூட் தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் நடந்த போர் இந்த ஊரை வரலாற்று நூல்களில் ஏற்றியது.

1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். சேலம் பகுதியின் தாதுவை மரக்கரியால் உருக்கி ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் முயற்சி அது. இந்தியாவில் இவ்வகையில் நடந்த முதல் பெருமுயற்சிகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. கரி தேவைப்பட்ட அளவுக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் மலிவான இரும்போடு போட்டியிடவும் முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டு முடியும் முன்பே ஆலை மூடப்பட்டது. காலப்போக்கில் பெரிய கப்பல்களும் இந்தத் துறையை விட்டு விலகின. மீன்பிடிப் படகுகள் மட்டும் வெள்ளாற்று முகத்துவாரத்தில் தங்கிவிட்டன.

கூறு போட்டு வெட்டிய காலம்

1882இல் சென்னை வனச் சட்டம் வந்த பிறகு மாகாணத்துக் காடுகள் ஒவ்வொன்றாகக் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டன. பிச்சாவரமும் கிள்ளையும் அந்த வரிசையில் சேர்ந்தன. அன்றைய வனத்துறையின் கணக்கில் அலையாத்திக் காடு விறகும் கரியும் தரும் ஒரு சொத்து. காட்டைக் கூறுகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூறு என்று அடியோடு வெட்டி எடுப்பார்கள். கடைசிக் கூறு முடிவதற்குள் முதல் கூறு மறுபடி வளர்ந்து நிற்கும் என்பது எதிர்பார்ப்பு. மேட்டுநிலக் காடுகளில் பழகிய இந்த முறை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்து, 1970கள் வரை பிச்சாவரத்தில் நடந்தது.

எதிர்பார்த்தபடி காடு திரும்பவில்லை. நிழல் தந்த மரங்கள் போனதும் வெயில் நேரே சேற்றில் அடித்தது. சேற்றின் ஈரம் ஆவியாகி நிலம் அமுங்கியது. வெட்டாமல் விட்ட ஓரங்கள் மேடாகவும் நடுப்பகுதி பள்ளமாகவும் மாறின. ஏற்றத்தின்போது உள்ளே புகுந்த கடல்நீர் வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. கோடையில் அந்த நீர் சுண்டச் சுண்ட உப்பு மட்டும் மண்ணில் படிந்தது. கடல்நீரைவிட உப்பு மிகுந்த அந்தப் பள்ளங்களில் அலையாத்தி விதைகூட வேர்பிடிக்கவில்லை. காட்டின் நடுவே வெள்ளைப் பொட்டல்கள் தோன்றின.

மேலே காவிரியில் நடந்த மாற்றங்களும் இதோடு சேர்ந்துகொண்டன. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. பாசனம் பெருகியது, கழிமுகத்துக்கு வந்த நன்னீர் குறைந்தது. உப்பைத் தாங்கும் மரங்கள் மிஞ்சின, தாங்காதவை ஒதுங்கின. இன்று பிச்சாவரத்தின் பெரும்பரப்பை வெண்கண்டலே மூடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழியை நம்பிய குடிகள்

கிள்ளை, வடக்குப் பிச்சாவரம், டி.எஸ். பேட்டை, எம்.ஜி.ஆர். நகர் முதலிய ஊர்களுக்குக் கழிதான் வாழ்வாதாரம். மீனவக் குடிகள் வலையும் படகும் கொண்டு மீன், இறால், நண்டு பிடித்தனர். உழவுத் தொழில் செய்தவர்களில் சிலரும் வேலையில்லாத மாதங்களில் கழிக்கு வந்தனர். மாடுகளைத் திட்டுகளில் மேயவிட்டனர்.

பழங்குடியினரான இருளர்களின் தொழில்முறை இவற்றிலிருந்து வேறுபட்டது. மேட்டுநிலத்தில் எலியும் பாம்பும் பிடித்து, கூலி வேலை செய்து வாழ்ந்த இவர்களில் பலர் பின்னாளில் கழியோரம் குடியேறினர். படகோ வலையோ வாங்கும் வசதி இல்லாததால் கையாலேயே இறால் பிடித்தார்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றையும் வேரடியையும் இரண்டு கைகளாலும் துழாவிக்கொண்டே நகர்வார்கள். பனையோலையில் முடைந்த பறியை வாயில் கவ்வியிருப்பார்கள். சிக்கிய இறால் உடனே பறிக்குள் போகும். கை மறுபடி சேற்றுக்குள் இறங்கும். ஆண், பெண் இருபாலரும் இதைச் செய்தனர். சிப்பி கிழித்து விரல்கள் புண்ணாவது வழக்கம். பழங்குடிச் சான்றிதழ் கிடைக்காமல் நெடுங்காலம் அலைந்த இந்தக் குடும்பங்களுக்கு அரசு நலத்திட்டங்கள் தாமதமாகவே வந்து சேர்ந்தன.

எந்த வாய்க்கால் எங்கே போய்ச் சேரும், எந்த நேரத்தில் எங்கே தரை தட்டும், எந்தக் காற்றில் முகத்துவாரத்தை நெருங்கக் கூடாது என்பதெல்லாம் இந்த ஊர்க்காரர்களின் அன்றாட அறிவு. பின்னாளில் சுற்றுலாப் படகுக்கு ஆள் தேவைப்பட்டபோது அந்த அறிவுதான் கைகொடுத்தது.

ஆய்வாளர்களின் படகு

1929இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முயற்சியால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் கடல் உயிரியல் பிரிவை வெள்ளாற்றுக் கரையில், பரங்கிப்பேட்டையில் வளர்த்தெடுத்தவர் பேராசிரியர் ஆர். வி. சேஷையா. 1960களில் பல்கலைக்கழக மானியக் குழு அதை உயராய்வு மையமாக ஏற்றது. நாட்டின் கடல் உயிரியலாளர்களில் பலர் அங்கே படித்தவர்கள். கழிநீரின் உப்பு, வெப்பம், மிதவை உயிரிகள், இறால் குஞ்சுகள் வந்துபோகும் காலம் என்று வெள்ளாற்றையும் பிச்சாவரத்தையும் பற்றிப் பதிவுகள் குவிந்தன.

அந்த ஆய்வுகளில் ஒன்று பிச்சாவரத்தில் ஒரு புதிய மரத்தை அடையாளம் கண்டது. இங்கே சுரபுன்னையில் இரண்டு இனங்கள் வளர்கின்றன. அவை இயற்கையாகக் கலந்து பிறந்த மரத்தை 1990களில் பேராசிரியர் க. கதிரேசன் விவரித்து, பல்கலைக்கழகத்தின் பெயரால் ரைசோபோரா அண்ணாமலையானா என்று அழைத்தார். வெட்டுக் கூறுகளாக மட்டுமே கணக்கிடப்பட்டு வந்த காடு, உயிரினங்களின் பட்டியலாகவும் கணக்கிடப்பட்டது. பறவைகளில் மட்டும் 170க்கும் மேற்பட்ட வகைகள் இங்கே பதிவாகியுள்ளன.

சினிமாவும் சுற்றுலாவும்

பிச்சாவரத்தை வெளியூர்களுக்குக் காட்டியதில் திரைப்படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1975இல் வெளிவந்த எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ படப்பிடிப்பு இங்கே நடந்தது. கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே கிழக்கே ஒரு நடை போய்ப் படகேறும் பழக்கம் மெல்லப் பரவியது. விறகு வெட்டும் கூறுகள் முடிவுக்கு வந்ததும் இந்தப் பழக்கம் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே காலத்தில்.

1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பின்னர் இங்கே படகுக் குழாமும் தங்கும் விடுதியும் அமைத்தது. துடுப்புப் படகு, விசைப்படகு என்று இரண்டு வகை வந்தன. விசைப்படகு அகலமான கழியில் விரைவாகப் போய் முகத்துவாரப் பக்கம் கடலைக் காட்டித் திரும்பும். துடுப்புப் படகின் வழி வேறு. கழியிலிருந்து ஒதுங்கி, இரண்டு ஆள் அகலமே உள்ள வாய்க்காலுக்குள் அது திரும்புகிறது. அங்கே துடுப்பை விரிக்க இடமிராது. படகோட்டி எழுந்து நின்று, தலைக்கு மேல் வளைந்திருக்கும் கிளையையோ பக்கத்து வேரையோ பிடித்துப் படகை இழுத்துச் செல்கிறார். பயணிகள் குனிந்துகொள்கிறார்கள். இருபக்கமும் சுரபுன்னையின் முட்டுவேர்கள் வளைந்து வளைந்து நீரில் இறங்குகின்றன. வேர்களில் சிப்பி ஒட்டியிருக்கிறது. நண்டுகள் ஏறி ஒளிகின்றன. சேற்றின் மேல் துடுப்புகளை ஊன்றித் துள்ளும் சிறு மீன்கள் படகின் சத்தத்துக்குப் பொந்தில் மறைகின்றன. கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி எளிதில் கண்ணில் படும். குளிர்காலத்தில் வலசை வரும் உள்ளான்கள் சேற்றுத் திடல்களில் இரை தேடும். நீர்நாயும் நரியும் இருக்கின்றன, ஆனால் பகல் சவாரியில் அவை தென்படுவது அரிது.

சவாரி போனவர்கள் பிச்சாவரம் முழுவதும் முட்டுவேர்க் குகைகளால் ஆனது என்றே எண்ணித் திரும்புகிறார்கள். உண்மையில் சுரபுன்னை வாய்க்கால் ஓரத்தில் சில மீட்டர் அகலத்துக்கு மட்டுமே நிற்கிறது. அதற்குப் பின்னால் திட்டின் உட்பகுதி முழுவதும் வெண்கண்டல் பரவியிருக்கிறது. சேற்றிலிருந்து அதன் மூச்சுவேர்கள் ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. விறகுக் காலத்தில் அழிந்த இடங்களும் அந்த உட்பகுதியில்தான் இருந்தன. படகிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவை எட்டவே இல்லை.

திறந்த கடலில் ஏன் சவாரி இல்லை

உலகின் பல கரைகளில் காட்டுயிர் காணும் படகுப் பயணம் என்றால் கடலைத்தான் குறிக்கும். கனடாவின் மேற்குக் கரையிலும் நார்வேயிலும் ஓர்கா என்ற கொலையாளித் திமிங்கிலத்தைப் பார்க்கவே பயணிகள் கடலேறுகிறார்கள். தமிழ் வழங்கும் கரைகளில் இதற்கு நெருங்கிய உதாரணம் இலங்கையின் திருகோணமலை. அங்கே துறைமுகத்தை ஒட்டியே கடல் திடீரென ஆழமாவதால் நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு அருகிலேயே வருகின்றன. 1980களின் தொடக்கத்தில் ‘துலிப்’ என்ற ஆய்வுக்கப்பல் அவற்றைப் பதிவுசெய்தது. 2009இல் போர் முடிந்த பிறகு திருகோணமலையிலும் தென்கரையின் மிரிஸ்ஸவிலும் திமிங்கிலச் சவாரி பெரிய தொழிலாகியது. ஓர்காக்களும் இலங்கைக் கடலில் எப்போதாவது தென்படுகின்றன.

பிச்சாவரம் அமைந்த கடலூர்க் கரை அப்படிப்பட்டதல்ல. இங்கே கரையோரக் கடல் ஆழமற்றது; அலை நேராக மணலில் மோதுகிறது; மழைக்காலத்தில் புயல் வருகிறது. ஓங்கல்களை மீனவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். திமிங்கிலத்தைப் பற்றிய செய்தி பெரும்பாலும் கரை ஒதுங்கிய உடலைப் பற்றியதாகவே இருக்கும். ஆகவே இந்த வட்டாரத்தில் படகுச் சவாரித் தொழில் அலை நுழையாத கழிக்குள் வேர்விட்டது.

வாய்க்கால் வெட்டி மீட்ட காடு

காடு ஏன் தானாகத் திரும்பவில்லை என்பதற்கு விடை 1990களில் கிடைத்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வி. செல்வம் முதலியோர், அழிந்த கூறுகளின் நில மட்டத்தை அளந்தனர். மரக்கன்று நட்டால் மட்டும் போதாது, தேங்கிய நீர் வெளியேற வழி வேண்டும் என்பது தெளிவானது. இயற்கை ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்கள் என மீன்முள் வடிவில் வெட்டினார்கள். வாய்க்காலின் பக்கங்களைச் சரிவாக விட்டு, சரிவின் நடுவில் வெண்கண்டல், சுரபுன்னைக் கன்றுகளை நட்டார்கள். ஏற்றத்தின்போது கன்றின் அடி நனையும். வற்றத்தின்போது நீர் வடியும். சில பருவங்களில் மண்ணின் உப்பு குறைந்தது.

வனத்துறையும் கழியோர ஊர்களும் சேர்ந்து செய்த வேலை இது. ஊர்க் குழுக்கள் அமைந்தன. முன்பு காட்டுக்குள் நுழைந்தாலே குற்றவாளியாகப் பார்க்கப்பட்டவர்கள் வாய்க்கால் வெட்டிக் கூலி பெற்றார்கள். மேய்ச்சலைக் கட்டுப்படுத்தும் முடிவிலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டதில், 1986க்கும் 2002க்கும் இடையே பிச்சாவரத்தில் அலையாத்திப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது தெரிந்தது.

ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 காலை வந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் போன்ற குப்பங்கள் அழிந்தன. அங்கிருந்தவர்கள் பின்னர் உள்நிலத்துக்குக் குடிமாறினர். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு.

காடுதான் ஊர்களைக் காத்தது என்று 2005இல் வெளிவந்த ஆய்வுகள் வாதிட்டன. பரங்கிப்பேட்டைக் கரையில் 18 குடியிருப்புகளை ஒப்பிட்ட கதிரேசன், ராஜேந்திரன் ஆய்வு அவற்றுள் ஒன்று. ‘சயின்ஸ்’ இதழில் வந்த இன்னொன்றும் கடலூர்க் கரையையே களமாகக் கொண்டது. மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் மறுப்பு எழுப்பினர். கடலிலிருந்து உள்ள தொலைவும் தரையின் உயரமும் சேதத்தைப் பெரிதும் தீர்மானித்தன, காட்டின் பங்கைத் தனியே பிரித்துச் சொல்வது கடினம் என்பது அவர்கள் வாதம். விவாதம் முடியவில்லை. ஆயினும் ஊர்மக்களிடமும் அரசிடமும் காட்டின் மதிப்பு உயர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டுகளில் கரையெங்கும் அலையாத்தியும் சவுக்கும் நடும் திட்டங்கள் வந்தன. செய்தி படித்துக் காட்டைப் பார்க்க வந்தவர்களால் படகுத்துறையிலும் கூட்டம் பெருகியது.

இன்றைய நிலை

2022இல் பிச்சாவரம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பட்டியலில் பதிவான பரப்பு 1,478 ஹெக்டேர். கோடியக்கரை 2002இலேயே இதே தகுதியைப் பெற்றிருந்தது. 2023இல் நடுவண் அரசு தொடங்கிய மிஷ்டி என்ற அலையாத்தித் திட்டம் நாட்டின் கரையோரங்களில் இவ்வகைக் காடுகளைப் பெருக்குவதை நோக்கமாகக் கொண்டது.

தகுதி கிடைத்ததால் சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. விசைப்படகின் அலை ஓரச் சேற்றை அரிக்கிறது. இரைச்சல் பறவைகளைக் கலைக்கிறது. பயணிகள் விட்டுச்செல்லும் நெகிழிப் பைகள் முட்டுவேர்களில் சிக்குகின்றன. குறுகிய வாய்க்கால்களில் துடுப்புப் படகு மட்டுமே போகலாம் என்ற ஏற்பாடு காட்டுக்கும் நல்லது, படகோட்டிகளின் பிழைப்புக்கும் நல்லது. இயந்திரம் செய்ய முடியாத வேலை அது.

கழியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவை இரண்டு. சின்னவாய்க்கால் முகத்துவாரத்தை மணல் அடைத்தால் ஏற்ற இறக்கம் குறைந்து நீர் தேங்கும். பழைய பொட்டல்கள் உருவான அதே முறையில் உப்பு மறுபடி ஏறும். கொள்ளிடத்திலிருந்தும் கான்சாகிப் வாய்க்காலிலிருந்தும் வரும் நன்னீர் சுருங்கினால் வெண்கண்டல் தாக்குப்பிடிக்கும், சுரபுன்னை மெலியும். பயணிகள் பார்க்க வரும் முட்டுவேர்க் காட்சி சுரபுன்னையால் ஆனது. எனவே படகுத்துறையின் வருமானமும் இறால் பிடிப்போரின் வருமானமும் முகத்துவாரம் திறந்திருப்பதையும் மேலே உள்ள அணைகளிலிருந்து நீர் வருவதையும் ஒரே அளவில் சார்ந்திருக்கின்றன.